ஆர்க்காட்டுக் கடனும் வாக்குப் பெட்டியும்

வெளியூரிலிருந்து வந்தவாசிக்கு வரும் நண்பர்களை நாம் கோட்டைப் பக்கம் அழைத்துச் செல்வதுண்டு. அங்கே காட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை. இடிந்த மதிலும் தூர்ந்த அகழியும்தாம் மீதம். ஆயினும் 1760ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் இவ்வூரருகே நடந்த போர் தென்னாட்டின் விதியைத் தீர்த்து வைத்தது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றார், ஆங்கிலத் தளபதி அயர் கூட் வென்றார், புஸ்ஸி சிறைப்பட்டார், மறு ஆண்டு ஜனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்தது. பாடநூல் இத்துடன் அடுத்த பாடத்திற்குப் போய்விடுகிறது.

பாடநூல் நின்று சிந்திக்காத ஒன்று உண்டு. அவ்வெற்றியின் பயனை அடைந்தது ஒரு வணிகக் கழகம். இலண்டனில் பங்குதாரர்களைக் கூட்டிக் கணக்குக் காட்டி, ஆதாயத்தைப் பிரித்துக் கொடுத்து வந்த கழகம் அது. தோற்ற தரப்பின் பின்னாலும் ஒரு வணிகக் கழகமே நின்றது. இந்நாட்டை யார் ஆள்வது என்ற வினாவிற்கு, ஆளப்படப்போகும் மக்களுள் ஒருவரையும் கேளாமல், வணிகர்கள் விடை எழுதிவிட்டுப் போன இடம் நம் ஊர். தேர்தல் காலத்தில் மக்களாட்சியைக் காப்பதில் வணிகப் பெருமக்களுக்குப் பங்கு உண்டா, உண்டெனில் அது எத்தகையது என்னும் வினா அண்மைக்காலத்தில் பல இடங்களில் எழுப்பப்படுகிறது. நமக்கு அவ்வினா இந்த மதிலருகிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே இங்கிருந்தே சொல்லிச் செல்கிறோம்.

போருக்குப் பின் ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் ஆட்சி உறுதிப்பட்டது. உறுதிப்படுத்தியவர்கள் அதற்கு விலை கேட்டனர். படைச் செலவு நவாபின் கணக்கில் எழுதப்பட்டது. கழகத்திற்குச் செலுத்த வேண்டிய பணத்தை நவாப் அக்கழகத்தின் ஊழியர்களிடமே தனிப்பட்ட கடனாக வாங்கினார். வட்டி நூற்றுக்கு 20, 25 என்று ஏறி, சில வேளை அதனையும் தாண்டியது. அசலை அடைக்க வழியின்றி, கடன் கொடுத்தவர்களுக்கு ஜில்லா ஜில்லாவாக வரி வருவாயையே அவர் எழுதிக் கொடுத்தார். வட்டி விலக்கப்பட்ட மார்க்கத்தைச் சார்ந்த ஒருவர் இப்படிச் சிக்கிக்கொண்டதைப் பற்றி நம் ஆசிரியப் பெருமக்கள் வருந்திப் பேசக் கேட்டிருக்கிறோம். அது வேறொரு கட்டுரைக்குரியது. இங்கே நாம் நோக்க வேண்டியது, அந்தக் கடன் ஓலைகள் கடல் கடந்து சென்று என்ன செய்தன என்பதே.

கடன் கொடுத்தோருள் முதன்மையானவர் பால் பென்ஃபீல்ட் என்பவர். கழகத்தில் சொற்பச் சம்பளத்தில் வேலைக்கு வந்தவர். 1776இல் சென்னை ஆளுநர் பிகட் பிரபு, இலண்டனின் ஆணைப்படி, தஞ்சையை அதன் மன்னரிடம் திருப்பிக் கொடுத்தபோது, தஞ்சை வருவாயின் மீது தமக்கு 2 இலட்சம் பவுனுக்கு மேல் பாக்கி இருப்பதாக இவர் உரிமை கோரினார். அவ்வளவு பெருந்தொகை ஓர் ஊழியரின் கைக்கு எவ்வாறு வந்தது என்று ஆளுநர் கேட்டார். கேட்டதன் விளைவு என்ன? அதே ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் ஆளுநரையே அவருடைய ஆலோசனை சபையின் பெரும்பான்மையோர் சிறைப்பிடித்தனர். காவலில் இருந்தபடியே 1777இல் அவர் இறந்தார். கணக்குக் கேட்டவர் போனார். கணக்கு மட்டும் நின்றது.

1780இல் பென்ஃபீல்ட் கிரிக்லேட் என்னும் சிற்றூரின் பிரதிநிதியாக இங்கிலாந்தின் நாடாளுமன்றத்தில் நுழைந்தார். அக்காலத்து இங்கிலாந்தில் வாக்குரிமை பெற்றோர் மிகச் சிலரே. பல தொகுதிகளில் வாக்காளர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எண்ணிவிடக் கூடியவர்களை விலைக்கு வாங்கவும் கூடும். 1784ஆம் ஆண்டுத் தேர்தல் முடிந்து பிட் அமைச்சரவை நிலைபெற்ற பின்னர், நவாபின் கடன்கள் மெய்யா பொய்யா என்று ஆராயாமலே கர்நாடகத்தின் வருவாயிலிருந்து அவற்றை அடைத்துவிட ஆணை பிறந்தது. 1785 பிப்ரவரி 28ஆம் நாள் எட்மண்ட் பர்க் இதனை எதிர்த்து நாடாளுமன்றத்தில் நெடுநேரம் பேசினார். பென்ஃபீல்ட் தம்மையும் சேர்த்து எட்டுப் பேரை நாடாளுமன்றத்தில் உட்கார வைத்தவர் என்பதும், தேர்தலில் செய்த உதவிக்கு அரசு கொடுத்த கைம்மாறே அந்த ஆணை என்பதும் அவர் சுமத்திய குற்றச்சாட்டுகள். பர்க்கின் தரப்பு தோற்றது. பிற்காலத்தில், 1805இல் அமைக்கப்பட்ட ஆணையம் இக்கடன்களைப் பல்லாண்டு துருவி ஆராய்ந்தபோது, கோரப்பட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட மெய்யென்று தேறவில்லை. அதற்குள் ஆர்க்காட்டு ஆட்சியும் 1801இல் முடிந்துவிட்டிருந்தது.

வாசகர்கள் இதனைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். செய்யாற்றங்கரையிலும் பாலாற்றங்கரையிலும் நெல் அறுத்த குடியானவனிடமிருந்தும், தறியில் குனிந்திருந்த நெசவாளியிடமிருந்தும் பிழிந்தெடுத்த வரி, கடனாகி, வட்டியாகி, எங்கோ ஓர் இங்கிலாந்துச் சிற்றூரில் வாக்குகளாக மாறியது. அந்த வாக்குகள் மீண்டும் ஆணையாகி இதே குடியானவனின் களத்திற்கு வந்து இறங்கின. தேர்தல் என்ற சொல்லையே கேட்டறியாதவனின் வியர்வை ஒரு தேர்தலைக் கெடுத்தது. வாக்குப் பெட்டியில் வணிகனின் பணம் மறைவாக நுழைந்தால் என்ன நேரும் என்பதற்கு உலகில் வேறெங்கும் உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஆயினும் வணிகரை மட்டும் குறை சொல்லி முடிப்பது நீதியாகாது. துனிசில் 1332இல் பிறந்து கெய்ரோவில் 1406இல் மறைந்த இப்னு கல்தூன், தமது முகத்திமாவில் இவ்விடயத்தின் மறுபக்கத்தை விளக்குகிறார். ஆள்பவர் வணிகத்தில் இறங்கினால் குடிகளுக்கும் கேடு, வரி வருவாய்க்கும் கேடு என்பதற்கு அவர் ஒரு தனிப்பகுதியே ஒதுக்கியுள்ளார். வணிகனுக்கு அதிகாரத்தின் நிழல் எந்த அளவுக்குத் தேவைப்படுகிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை. செல்வாக்கு இல்லாதவனின் பொருள் எளிதில் பறிபோகும் என்பதை அவர் நன்கறிவார். கடை வைத்திருப்பவன் அதிகாரியைக் கண்டு அஞ்சுகிறான். அஞ்சுகிறவன் கொடுக்கிறான். கொடுக்கும் போதே, கொடுத்ததற்கு ஈடாக ஏதேனும் கேட்கவும் கற்றுக்கொள்கிறான். முதல் இரண்டு நிலைகளில் அவன் இரக்கத்திற்குரியவன்; மூன்றாம் நிலையில் அவனே பென்ஃபீல்ட் ஆகிவிடுகிறான். இம்மூன்றையும் பிரித்தறியாமல் வணிகர் சமுதாயம் முழுவதையும் ஏசுகின்ற மேடைப் பேச்சுகள் நமக்கு உவப்பாயில்லை.

நம் மாகாணத்தில் தேர்தல் வந்தபோது வணிகர்களுக்கு நேர்வாசல் ஒன்று திறந்தே வைக்கப்பட்டிருந்தது. 1920இல் சென்னைச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தபோது, சொத்தும் வரியும் உள்ளவர்க்கே வாக்கு. அதற்கு மேலும் வணிகத்திற்கெனத் தனித் தொகுதிகள் இருந்தன. சென்னை வர்த்தக சபை, தென்னிந்திய வர்த்தக சபை, நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கம் முதலியன தத்தம் பிரதிநிதியைச் சட்டசபைக்கு அனுப்பின. ஆரணி நெசவாளியின் பெயர் வாக்காளர் பட்டியலில் இல்லாத காலத்தில், அவன் நெய்த சேலையை விற்றவரின் சங்கத்திற்குச் சட்டசபையில் இருக்கை இருந்தது. விடுதலைக்குப் பின் வந்த அரசியல் சட்டம் அந்த வாசலை அடைத்துவிட்டது. 1951-52ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் ஆலை அதிபருக்கும் ஒரு வாக்கு, பாய் பின்னும் பெண்ணுக்கும் ஒரு வாக்கு. எண்ணிக்கையால் இனி வெல்ல முடியாது என்று கண்ட பணம், எண்ணிக்கையல்லாத வழியைத் தேடியது.

அந்த வழி நீதிமன்றத்தின் முன் வந்தது 1957இல். டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் அரசியல் கட்சிகளுக்கு நிதி வழங்குவதற்கு ஏற்றவாறு தன் அமைப்பு விதிகளைத் திருத்த விரும்பியது. பங்குதாரர் ஒருவர் எதிர்த்தார். வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளாவிடம் மேல்முறையீடாக வந்தது. சட்டம் தடுக்காததால் அவர் அனுமதித்தார். ஆனால் மன அமைதியோடு அனுமதிக்கவில்லை. பெருநிறுவனங்களின் பணம் கட்சிகளை ஆட்டிப் படைக்கத் தொடங்கினால் இளம் மக்களாட்சிக்கு என்ன நேரும் என்ற அச்சத்தைத் தீர்ப்பிலேயே பதித்து, நாடாளுமன்றம் இதனைக் கவனிக்க வேண்டும் என்று சுட்டினார். அதே ஆண்டில் கல்கத்தா உயர் நீதிமன்றமும் இத்தகைய வழக்கொன்றில் இதே கவலையை வெளியிட்டது. நாடாளுமன்றம் 1960இல் ஒரு சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தது. ஆண்டுக்கு 25,000 ரூபாய், அல்லது மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 5 விழுக்காடு, இவற்றுள் எது மிகுதியோ அதுவே உச்சவரம்பு என்றும், கொடுத்ததைக் கணக்கில் காட்ட வேண்டும் என்றும் விதித்தது.

அந்நாட்களின் நிகழ்ச்சி ஒன்று நம் நெஞ்சில் நின்றுவிட்டது. 1959இல் இராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கியிருந்தார். 1961இல் ஜே. ஆர். டி. டாட்டா பிரதமர் நேருவுக்குக் கடிதம் எழுதினார். காங்கிரசுக்கு நிதி அளித்துவரும் தம் நிறுவனம் இனிச் சுதந்திராக் கட்சிக்கும் அளிக்க முடிவு செய்திருப்பதாகவும், வலுவான எதிர்க்கட்சி ஒன்று நாட்டிற்கு வேண்டும் என்று தாம் கருதுவதாகவும் அதில் தெரிவித்தார். நேரு கண்ணியமாக மறுமொழி எழுதினார்: கொடுப்பது உம் உரிமை, ஆனால் அக்கட்சி வலுவான எதிர்க்கட்சியாக வளரும் என்ற உம் எண்ணத்தை நான் ஏற்கவில்லை என்பது அதன் சாரம். சுதந்திராக் கட்சியின் கொள்கைகளை நாம் இங்கே எடைபோட வரவில்லை. ஆளும் பிரதமரிடமே, உம்மை எதிர்ப்பவருக்கும் பணம் கொடுக்கப்போகிறேன் என்று கையொப்பமிட்டு எழுதிய ஒரு தொழிலதிபரும், அதற்காக அவர்மீது சினங்கொள்ளாத ஒரு பிரதமரும் இந்நாட்டில் இருந்தார்கள் என்பதே நாம் சொல்ல விழைவது. வணிகத் தலைவர் ஒருவர் தேர்தலுக்குச் செய்யக்கூடிய தொண்டு யாதெனில், கொடுப்பதைப் பட்டப்பகலில் கொடுப்பது.

1969இல் நிறுவனங்கள் கட்சிகளுக்குக் கொடுப்பது முற்றிலும் தடை செய்யப்பட்டது. நோக்கம் நல்லதாக இருந்திருக்கலாம். தேர்தல் செலவு குறையவில்லை, அரசும் செலவை ஏற்கவில்லை. கொடுப்பது மட்டும் தடைப்பட்டது. ஆகவே பகலில் நடந்தது இரவிற்கு மாறியது. 1985இல் தடை நீங்கி, 5 விழுக்காட்டு வரம்பு திரும்பி வந்தது. 1996இல் டாட்டா நிறுவனங்கள் தேர்தல் அறக்கட்டளை ஒன்றை நிறுவி, மக்களவையில் கட்சிகள் பெற்றிருந்த இடங்களின் விகிதப்படி நிதியைப் பகிர்ந்தளித்தன. வென்றவனுக்கே மேலும் கொடுக்கும் கணக்கு என்று இதில் குறை காணலாம், காணவும் வேண்டும். ஆயினும் கணக்கு என்று ஒன்று இருந்தது; யார் வேண்டுமானாலும் அதனை எடுத்துப் பார்த்துக் குறை சொல்ல முடிந்தது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் வரம்பை 7.5 விழுக்காடாக உயர்த்தியது.

2017இல் அந்த வரம்பும் போயிற்று. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் காட்டும் கடமையும் போயிற்று. நட்டத்தில் ஓடும் நிறுவனமும் கொடுக்கலாம் என்றாயிற்று. 2018 ஜனவரி 2ஆம் நாள் தேர்தல் பத்திரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரை மதிப்புள்ள பத்திரங்களைப் பாரத ஸ்டேட் வங்கியில் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம். வாங்கியவர் பெயர் பொதுமக்களுக்குத் தெரியாது. வணிகர்களைப் பழிவாங்குதலிலிருந்து காப்பதற்கே இந்த மறைப்பு என்று அரசுத் தரப்பில் காரணம் கூறப்பட்டது. இப்னு கல்தூன் சொன்ன அச்சத்தை நினைத்தால் இக்காரணத்தை அடியோடு தள்ளிவிட முடியாது. ஆனால் பத்திரத்தை விற்ற வங்கி அரசின் வங்கி. ஆள்வோருக்குத் தெரியக்கூடியதாகவும் ஆளப்படுவோருக்குத் தெரியாததாகவும் இருக்கும் ஒரு மறைப்பு, அஞ்சுகிற வணிகனைக் காப்பாற்றுமா?

2024 பிப்ரவரி 15ஆம் நாள், தலைமை நீதிபதி டி. ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐவர் அமர்வு இத்திட்டம் செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சாக்ளாவின் பழைய எச்சரிக்கையும் அத்தீர்ப்பில் நினைவுகூரப்பட்டது. வங்கி ஜூன் இறுதி வரை அவகாசம் கேட்டது, நீதிமன்றம் மறுத்தது, மார்ச் 14இல் தேர்தல் ஆணையம் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. ஆறாண்டுகளில் விற்கப்பட்ட பத்திரங்களின் மதிப்பு ஏறத்தாழ 16,518 கோடி ரூபாய். வெளியான கணக்கின்படி, மத்தியில் ஆட்சியிலிருந்த பாரதீய ஜனதா கட்சி பெற்றது 6,000 கோடிக்கு மேல். பத்திரம் வாங்கியோருள் முதலிடம், 1,368 கோடிக்கு வாங்கிய, கோயம்புத்தூர் முகவரி கொண்ட ஒரு லாட்டரி நிறுவனத்திற்கு. ஃப்யூச்சர் கேமிங் என்பது அதன் பெயர். அதில் 509 கோடி, தமிழகத்தில் 2021 முதல் ஆட்சியிலிருந்த தி.மு.க.வுக்குச் சென்றது, அதனை அக்கட்சியே தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. தமிழகத்தில் லாட்டரிச் சீட்டு 2003இலிருந்து தடை செய்யப்பட்ட பொருள். கடையில் விற்கக் கூடாத சீட்டு, கட்சிக் கணக்கில் மட்டும் விழுந்திருக்கிறது.

அரபு மதரஸாக்களில் ஹதீஸ் ஓதியவர்கள் இப்னுல் லுத்பிய்யாவின் நிகழ்ச்சியை மறந்திருக்க மாட்டார்கள். ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட அவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று இரு பங்காகப் பிரித்து வைத்தார். அவர் தம் தாய் தந்தையர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஃபிக்ஹு நூலார் கைக்கூலியையும் அன்பளிப்பையும் பிரித்தறிய இக்கேள்வியையே உரைகல்லாகக் கொண்டனர். தேர்தல் பத்திரங்களையும் இதே கல்லில் உரைத்துப் பார்க்கலாம். ஆட்சியில் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கட்சிக்கு அந்தப் பணம் வந்திருக்குமா?

இதில் வணிகப் பெருமக்களின் பங்கு யாது? வழக்குத் தொடுத்தோர் தேர்தல் சீர்திருத்த அமைப்பினர், காமன் காஸ் என்னும் பொதுநல அமைப்பினர், மார்க்சிஸ்ட் கட்சியினர் முதலியோர். பெயர் சொல்லத்தக்க வணிகக் கூட்டமைப்பு ஒன்றேனும் வழக்காடியதாக இல்லை. தீர்ப்புக்குப் பின், எந்தப் பத்திரம் எந்தக் கட்சிக்குப் போயிற்று என்பதைக் காட்டும் எண்களை வெளியிட நீதிமன்றம் முற்பட்டபோதுதான், ஃபிக்கி, அசோசாம் போன்ற பெருங்கூட்டமைப்புகளின் சார்பில் வழக்கறிஞர் எழுந்தார். வெளியிடக் கூடாது என்று கேட்பதற்கு! நீதிமன்றம் அவர் வாதத்தைக் கேட்கவில்லை. 1961இன் கடிதத்தையும் 2024இன் இந்தக் கோரிக்கையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில் நமக்கு ஏற்படும் வருத்தத்தை மறைக்க விரும்பவில்லை.

வணிகர் கை எவ்வளவு தூரம் தவறிப்போகக் கூடும் என்பதற்கு ஜெர்மனி சான்று. 1933 பிப்ரவரி 20ஆம் நாள் ஏறத்தாழ இருபத்தைந்து தொழிலதிபர்கள் கோயரிங்கின் மாளிகையில் கூடினர். இதுவே நெடுங்காலத்திற்குக் கடைசித் தேர்தலாக இருக்கும் என்று சொல்லப்பட்டதைக் கேட்ட பிறகும், இட்லரின் தேர்தல் செலவுக்கு 30 இலட்சம் மார்க்கு திரட்டித் தர உடன்பட்டனர். தேர்தலை ஒழிப்பதற்கான தேர்தலுக்கு நிதி! இதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மறுபுறம், வணிகன் ஒருவன் தேர்தலைக் காத்த கதையும் உண்டு. அது பிலிப்பைன்ஸ் நாட்டினது. அங்கே 1983இல், தேர்தல் முறைகேடுகளைக் கண்காணிக்க நாம்ஃப்ரெல் என்னும் குடிமக்கள் இயக்கம் உருவாயிற்று. அதன் தலைவர் ஹோசே கான்செப்சியோன், மாவு ஆலை நடத்திய தொழிலதிபர். 1986 பிப்ரவரி 7ஆம் நாள் அதிபர் மார்க்கோசுக்கும் கோரசோன் அக்கினோவுக்கும் இடையே தேர்தல் நடந்தபோது, இவ்வியக்கத்தின் தொண்டர்கள் இலட்சக்கணக்கில் வாக்குச் சாவடிகளில் நின்றனர். சாவடிதோறும் எண்ணிக்கை முடிந்தவுடன் முடிவுத்தாளின் படியைப் பெற்று, தலைநகரில் ஒரு பள்ளி வளாகத்தில் அமைத்த மையத்திற்கு அனுப்பி, எல்லோரும் பார்க்கும்படி கூட்டிக் காட்டினர். அரசின் எண்ணிக்கை மார்க்கோசை முன்னே காட்டியது. இவர்களது எண்ணிக்கை அக்கினோவை முன்னே காட்டியது. பிப்ரவரி 9ஆம் நாள் அரசின் எண்ணிக்கை மையத்திலேயே கணிப்பொறியில் பணியாற்றியவர்கள், எண்களில் முரண்பாடு இருப்பதாகச் சொல்லி எழுந்து வெளியேறினர். பிப்ரவரி 25இல் மார்க்கோஸ் நாட்டை விட்டுப் போனார்.

ஒரு மாவு ஆலை அதிபரால் இது எப்படி இயன்றது? ஆட்களை ஒழுங்குபடுத்துதல், தாளைத் தாளோடு ஒத்துப் பார்த்தல், இரவுக்குள் கணக்கை முடித்தல்: ஒவ்வொரு வணிகனும் அன்றாடம் செய்கிற வேலைகள்தாம் இவை. அவற்றை அவர் தேர்தலுக்குக் கொடுத்தார். ஆள்வோரின் பகையால் ஆலைக்குக் கேடு நேரக்கூடும் என்பது அவருக்குத் தெரியாததன்று. பின்னர் அக்கினோவின் அமைச்சரவையில் அவரே வணிகத் துறை அமைச்சரானார். அது அவருடைய கண்காணிப்பின் மீது ஒரு சிறு நிழலைப் படியச் செய்யவில்லையா என்று கேட்போர்க்கு நாம் மறுப்புச் சொல்ல மாட்டோம். மேலே சொன்ன உரைகல் யாவர்க்கும் பொதுவானது. ஆனால் பிப்ரவரி 7ஆம் நாள் இரவில் அவர் நின்ற இடம் நேரான இடம்.

இனி நம் வட்டாரத்திற்குத் திரும்புவோம். 2019 ஏப்ரலில், வாக்குப்பதிவுக்கு இரண்டே நாட்கள் இருக்கையில், வேலூர் மக்களவைத் தொகுதியின் தேர்தல் நிறுத்தப்பட்டது. ஒரு சிமெண்டுக் கிடங்கில் கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டதே அதற்கு முதற்காரணம். பிறகு ஆகஸ்டு 5ஆம் நாள் அங்கே தேர்தல் நடந்தது. பணப் பட்டுவாடாவுக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் நாட்டிலேயே முதன்முறையாக நிறுத்தப்பட்ட இடம், ஆரணிக்கு அடுத்த மாவட்டம். கிடங்கும் கல்லாவும் வணிகத்திற்குரியவை. பெருந்தொகையைச் சில நாள் பிறர் கண்ணில் படாமல் வைக்கக்கூடிய இடங்களும் அவையே. தன் கிடங்கின் சாவியைத் தேர்தல் மாதத்தில் எவருக்கும் கொடுப்பதில்லை என்று ஊருக்கு ஒரு வணிகர் உறுதி பூண்டாலே போதும், பட்டுவாடா செய்பவர்கள் தடுமாறிப்போவார்கள் என்று நாம் நண்பர்களிடம் சொல்வதுண்டு. அவர்கள் சிரிக்கிறார்கள்.

அவர்களுக்கும் குறை உண்டு. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டு சென்றால் தேர்தல் காலத்தில் ஆவணம் காட்ட வேண்டும். இல்லையேல் பறக்கும் படையினர் எடுத்துக்கொள்வர். கோரைப்பாய் விற்ற பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சந்தையிலிருந்து திரும்பும் எளிய வணிகர் வழியில் நிறுத்தப்பட்டுக் கண்கலங்கியதை நாம் கண்டிருக்கிறோம். வணிகர் சங்கங்கள் ஒவ்வொரு தேர்தலிலும் இவ்வரம்பை உயர்த்தக் கோருவது நியாயமே. ஆனால் அதே சங்கங்கள், கட்சிக்காரர் கடைக்கு வந்து நன்கொடைச் சீட்டை நீட்டும் போது, சீட்டில் எழுதிய தொகையும் கொடுத்த தொகையும் ஒன்றாக இருக்கட்டும் என்று ஒருமுறையேனும் தீர்மானம் போட்டதுண்டா?

இதனினும் நுட்பமான ஒரு செய்தி ஆரணித் தறிகளில் உள்ளது. 1996இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135ஆ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. வாக்குப்பதிவு நாளில் வணிக, தொழில் நிறுவனங்களில் வேலை செய்யும் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் விடுமுறை தர வேண்டும். அந்நாளின் கூலியைப் பிடிக்கக் கூடாது. நாட்கூலிக்காரர்க்கும் இது உண்டு என்பது அதன் விதி. மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை. தொகையைக் கண்டு நகைக்க வேண்டாம். விதி நல்ல விதி. ஆனால் பட்டு நெசவாளிக்கு நாட்கூலி ஏது? முதலாளி பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுக்கிறார். நெசவாளி தன் வீட்டுக் குழித்தறியில் நெய்து சேலையை இறக்கிக் கொடுத்தால் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. குடும்பமே உழைக்கிறது, சம்பளப் பதிவேட்டில் ஒரு பெயரும் இல்லை. பெரும்பாலோர் முதலாளியிடம் முன்பணம் வாங்கியவர்கள். தறி நின்றால் கூலி நிற்கும், முன்பணம் நிற்காது. சட்டம் கொடுத்த விடுமுறை நடப்பில் இந்த வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

சில தேர்தல்களுக்கு முன் ஆரணியில் நமக்குப் பழக்கமான ஒரு நெசவாளியை வாக்குப்பதிவு நாளின் பிற்பகலில் தறியிலேயே கண்டோம். “ஓட்டுப் போடலியா?” என்றோம். “வெள்ளிக்கிழமைக்குள்ள சேலை எறக்கணும் பாய். முதலாளி யாருக்குப் போடச் சொன்னாரோ அவருக்குப் போட எனக்கு மனசில்ல. போகாம இருந்துட்டா எந்தப் பொல்லாப்பும் இல்ல பாருங்க” என்றார். மிரட்டல் ஏதும் நடந்ததாக அவர் சொல்லவில்லை. முதலாளி கெட்டவர் என்றும் சொல்லவில்லை. மகளின் திருமணத்திற்கு முன்பணம் கொடுத்தவர் அவர்தாம். அந்த நன்றிதான் அவரைத் தறியில் உட்கார வைத்தது. கடன்பட்டவனின் வாக்கு கடன் கொடுத்தவனின் நிழலில் நிற்கும் என்பது வாலாஜா காலத்துச் செய்தி மட்டுமன்று.

பெருந்தொழிலதிபர்கள் டில்லியில் செய்ய வேண்டியதை நாம் இங்கிருந்து சொல்லி அவர்கள் கேட்கப்போவதில்லை. ஆனால் பத்துத் தறிக்குப் பாவு கொடுக்கும் ஒருவரும் வணிகத் தலைவரே. பத்து வாக்குகள் அவர் நிழலில் இருக்கின்றன. அத்தகைய ஒருவரை நாம் அறிவோம். பெயர் சொல்வதை அவர் விரும்ப மாட்டார். அவருக்கென ஒரு கட்சி உண்டு. அதனை அவர் மறைப்பதில்லை. தம் வீட்டு வாசலில் கொடியும் கட்டியிருக்கிறார். வாக்குப்பதிவு நெருங்கியதும் நெசவாளிகளைக் கூப்பிட்டு, அந்த வாரம் இறக்க வேண்டிய சேலைக்கு மூன்று நாள் தவணை கூட்டிக் கொடுக்கிறார். ஒரு நாள் கூலிக்கு ஈடாக ஒரு தொகையை ஒவ்வொரு தறிக்கும் தருகிறார். தருவது வாக்குப்பதிவு முடிந்த மறுநாள். முன்னாள் தந்தால் அது கைக்கூலியின் வாடை வீசும் என்பார். போனாயா, யாருக்குப் போட்டாய் என்று கேட்பதில்லை. வாக்களிக்கப் போகாதவருக்கும் அத்தொகை உண்டு.

அந்தத் தொகையை முன்பணக் கணக்கில் கழிக்கிறீரா என்று ஒருமுறை கேட்டோம். அவர் பேரேட்டைத் திறந்து காட்டினார். முன்பணத்துக்கு ஒரு பக்கம் இருந்தது. அதனோடு சேராமல் வேறொரு பக்கத்தில், ‘ஓட்டு நாள் கூலி’ என்று தலைப்பிட்டு, தறி எண்ணும் தொகையும் எழுதியிருந்தார். மற்ற முதலாளிகள் இதனால் அவர்மீது மனத்தாங்கலாக இருக்கிறார்கள் என்றும், தம் தறிக்காரர்களும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள் என்று சங்கத்தில் முறையிட்டார்கள் என்றும் சொன்னார்.